சிம் மோ யூ பற்றிய கட்டுரையில் விடுபட்ட ஒன்று

மலேசியாவின் மலாக்கா பிங் மிங் சீனப்பள்ளியின் தலைமையாசிரியர் சிம் மோ யூ (1913–2009) 1987-இல் கைதானதை உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அந்த வரிக்குள்தான் விஷயமே இருக்கிறது.

அந்த ஆண்டு சீனப்பள்ளிகளுக்குத் துணைத் தலைமையாசிரியர், மாலை நேர மேற்பார்வையாளர் போன்ற பதவிகளில் சீனமொழிக் கல்வித் தகுதி இல்லாதவர்களை அரசு நியமித்தது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண இடமாற்றம். ஆனால் ஆசிரியர்களின் பாடக் குறிப்பைப் பார்ப்பதும், மாணவர் பயிற்சிப் புத்தகத்தைச் சரிபார்ப்பதும், பெற்றோரிடம் பேசுவதும் இவர்கள் வேலை. பாடம் நடக்கும் மொழியைப் படிக்கத் தெரியாதவர் இதை எப்படிச் செய்வார்? ஆசிரியர் கூட்டமும் பதிவேடுகளும் மெல்ல வேறு மொழிக்கு மாறிவிடும். 1961 கல்விச் சட்டத்தின் 21(2) பிரிவு வேறு தலைக்குமேல் தொங்கியது: தேசிய மாதிரி ஆரம்பப் பள்ளியை (சீனம் அல்லது தமிழ் வழிப் பள்ளி) தேசியப் பள்ளியாக (மலாய் வழி) மாற்றும் அதிகாரம் அமைச்சருக்கு. ஆக சீனப்பள்ளிகள் தம் மொழியை இழந்துவிடும் என்ற அச்சம் வெறும் கற்பனை அல்ல. தமிழ்ப்பள்ளிகளும் அதே பிரிவின் கீழ்தான் இருந்தன என்பதை நம்மவர்கள் பலர் மறந்துவிட்டார்கள்.

அக்டோபர் 11 அன்று கோலாலம்பூர் தியான் ஹாவ் கோயிலில் இந்த நியமனங்களுக்கு எதிர்ப்புக் கூட்டம். 27-ஆம் தேதி தொடங்கிய ஓப்பராசி லாலாங் என்ற பெரும் கைது நடவடிக்கையில், விசாரணையின்றிச் சிறையில் வைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சிம் மோ யூவும் பிடிக்கப்பட்டார். அப்போது வயது 74!

அரசியலிலும் அவர் விலை கொடுத்தவர். சீனமொழிக்கு அதிகாரபூர்வ இடம் கேட்டதற்காக 1966-இல் மசீச (மலேசிய சீனர் சங்கம்) கட்சி அவரை நீக்கியது. கட்டுரையில் இதையும் சேருங்கள், தயவுசெய்து. 21(2) பிரிவு 1996 கல்விச் சட்டத்தில் இடம்பெறவில்லை.