அளவெடுக்காத கவசம்

போன சனிக்கிழமை பட்டறையை மூடுகிற நேரத்துக்கு ஒரு தம்பி வந்தான். கையில் பழைய அரிசிப் பை, அதற்குள் ஒரு தலைக்கவசம். 14ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வீரர்கள் போட்ட பாசினெட் வகை, முன்னால் நாய் மூஞ்சி மாதிரி கூம்பி நீளும் முகமூடியோடு. இணையத்தில் படம் பார்த்து வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருக்கிறான். தபால் செலவோடு 900 மலேசிய வெள்ளி.

"அண்ணே, போட்டா சுத்துது. கொஞ்சம் டைட் பண்ணிக் கொடுங்க" என்றான்.

போட்டுக் காட்டச் சொன்னேன். தலையை வலப்பக்கம் திருப்பச் சொன்னேன். தலை திரும்பியது, கவசம் நின்ற இடத்திலேயே நின்றது. கண் துளைக்கு நேராக இப்போது அவன் காது. கழற்றி உள்ளே விரலை விட்டால், அரை அங்குலம்கூட இல்லாத ஸ்பாஞ்ச். வேர்வையில் ஊறிப் பசை விட்டுப்போய், விரலோடு உரிந்து வந்தது. பக்கவாட்டில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினேன். தகடு உள்ளே போய் 'டொக்' என்று திரும்பி வந்தது. அளந்து பார்த்தேன், 1 மில்லிமீட்டர்.

இதைப் போட்டுக்கொண்டு அடுத்த மாதம் கோலாலம்பூரில் நண்பர்களோடு இரும்பு வாளில் மோதப் போகிறானாம். விற்றவர் இது அலங்காரப் பொருள் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. 'போருக்கு ஏற்றது' என்று போட்டிருந்தார். அந்த ஒரு வரிதான் இரண்டு நாளாக மனதில் கிடந்து அறுக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பினாங்கு மாநிலத்தின் பிறை ஊரில் எனக்குத் தகடு வேலைப் பட்டறை. சாப்பாட்டுக் கடைகளுக்குப் புகைக்கூண்டு, ஸ்டெயின்லெஸ் மேசை, ஏர்கான் குழாய், இவைதான் வருஷம் முழுக்கச் சோறு போடுகின்றன. தைப்பூசத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போதே காவடி வேலை தொடங்கிவிடும். ஆறு வருஷத்துக்கு முன், இரும்புக் கையுறையில் ரிவெட் (தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணி) கழன்றுவிட்டது என்று ஒருவர் கொண்டு வந்தார். அந்தக் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விரல் மடங்கும் ஒவ்வோர் இடத்திலும் தகடு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போகிறது, நடுவில் இடைவெளி விழவில்லை. இப்படி ஒரு தகடு வேலையை அதுவரை நான் பார்த்ததே இல்லை. இன்றுவரை 11 தலைக்கவசம் செய்திருக்கிறேன். பழுது பார்த்ததற்குக் கணக்கு வைக்கவில்லை.

அந்தக் கால ஐரோப்பிய வீரர்கள் மாதிரி வாள் பிடித்து மோதும் இந்தப் பொழுதுபோக்கு ஒரே வகைதான் என்று நினைத்துக்கொண்டு பலர் வருகிறார்கள். பழைய வாள்வித்தை நூல்களைப் படித்துப் பயிற்சி செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் இரும்புக் கவசமே வேண்டாம். ஃபென்சிங் முகமூடி, கனமான சட்டை, நல்ல கையுறை, தொண்டைக் காப்பு போதும். 1966இல் அமெரிக்காவின் பெர்க்லியில் தொடங்கிய, ஐரோப்பிய இடைக்கால வாழ்க்கையை நடித்துப் பார்க்கும் எஸ்சிஏ (Society for Creative Anachronism) அமைப்பில் பிரம்பு வாளால் அடித்துக்கொள்வார்கள். அடி பலமாக விழும், ஆனால் வெட்டாது. புஹுர்ட் என்பது வேறு உலகம். முனை மழுங்கிய இரும்பு ஆயுதத்தோடு கூட்டமாக மோதி, ஒருவரை ஒருவர் தரையில் தள்ளுவது. 2010இல் உக்ரைனின் கோத்தின் கோட்டையில் நாடுகளுக்கிடையே இப்படி மோத ஆரம்பித்தார்கள். எதற்காகக் கவசம் என்று முதலில் முடிவு செய்யாமல் தகடு வாங்காதீர்கள். எஸ்சிஏ விதிப்படி பிரம்படிக்கே தலைக்கவசத் தகடு குறைந்தது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும். புஹுர்ட்டுக்கு வருகிறவர்களுக்கு 2 மில்லிக்குக் குறைந்து மைல்ட் ஸ்டீல் (சாதாரண இரும்புத் தகடு) தலைக்கவசம் நான் செய்வதே இல்லை.

சரி, தடிமன் ஒரு பக்கம் இருக்கட்டும். பையன்கள் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான்: "எத்தனை மில்லிண்ணே?" தலை சுற்றளவு எவ்வளவு, காதிலிருந்து காதுக்கு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. என் அனுபவத்தில் ஆளைக் காப்பாற்றுவது அளவுதான், தடிமன் அதற்குப் பிறகு. 2 மில்லித் தகடு மண்டையை ஒட்டி உட்கார்ந்திருந்தால் அடி முழுக்க மண்டைக்குத்தான் போகும். தலைக்கும் இரும்புக்கும் நடுவில் சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி வேண்டும், அந்த இடைவெளியில் தைத்த பஞ்சுத் துணி வேண்டும். அந்தக் காலத்திலும் அப்படித்தான்: மெத்தை போலத் தைத்த உள்துணியைத் தோல் பட்டையோடு சேர்த்துத் தைத்து, பட்டையைக் கவசத்தின் ஓரத்தில் ரிவெட் அடித்துப் பிடித்தார்கள். ஸ்பாஞ்ச் ஒட்டவில்லை. இத்தாலியின் மிலானிலும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கிலும் பெரிய கவசப் பட்டறைகள் ஓடிய நாளில், நேரில் வர முடியாதவர்கள் அளவுக்காகத் தங்கள் சட்டையையே கவசக்காரருக்கு அனுப்பி வைத்திருக்கிறார்கள். நாம் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்க அளவு ஜாக்கெட் கொடுத்துவிடுவது போல. இன்று ஒரு பொத்தானை அழுத்தி 'எல்' சைஸ் தலைக்கவசம் வாங்குகிறோம்.

முழு இரும்புக் கவசம் 20 முதல் 25 கிலோ வரும். கேட்டவுடன் பயப்படுவார்கள். நான் காவடி கட்டுகிறவன், எனக்கு அந்தப் பயம் இல்லை. பெரிய காவடி அதைவிடக் கனம். அதைத் தூக்கிக்கொண்டு ஆள் வெறுங்காலோடு பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு நடக்கிறார், ஆடவும் செய்கிறார். எப்படி முடிகிறது? சட்டத்தின் கனத்தில் பாதிக்கு மேல் இடுப்புப் பட்டையில் உட்கார வைக்கிறோம். பட்டை ஒரு விரல் கீழே இறங்கிவிட்டால் தோள் செத்துவிடும், மறுநாள் கை தூக்க முடியாது. கவசத்திலும் இதே கணக்குதான். கால் கவசத்தைத் தொடையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வரும் தம்பிகளைப் பார்க்கிறேன். நாலு எட்டு வைத்தால் முழங்காலுக்கு வழுக்கிவிடும், மறுபடி இறுக்குவார்கள், ரத்த ஓட்டம் நின்று கால் மரத்துப் போகும். இடுப்பை ஒட்டித் தைத்த உள்சட்டையிலிருந்து கால் கவசம் தொங்க வேண்டும். போன வருஷம் ஒரு பையனுக்குக் காவடிப் பட்டையின் அதே அச்சை வெட்டி, இடுப்பு எலும்புக்கு மேல் உட்காரும்படி தோலில் செய்து கொடுத்தேன். கட்டிக்கொண்டு பட்டறை வாசலில் குதித்துக் குதித்துப் பார்த்தான். "அண்ணே, கனமே தெரியல" என்றான். கனம் அதேதான், இடம்தான் மாறியது.

உள்சட்டையைப் பற்றி இன்னும் கொஞ்சம். காம்பிசன் என்கிற அந்தத் தைத்த சட்டையை அடுக்கடுக்கான லினன் துணியில் செய்தார்கள். பிரான்ஸ் மன்னர் பதினோராம் லூயி காலத்து ஆணை ஒன்று 25 அல்லது 30 மடிப்புத் துணியும் ஒரு மான் தோலும் கேட்கிறது. இது மேலே இரும்பில்லாமல் தனியாகப் போடும் சட்டைக்கு. துணிதானே என்று நினைக்காதீர்கள். அத்தனை அடுக்கை நெருக்கித் தைத்தால் பலகை மாதிரி நிற்கும். நம் ஊரில் விற்கும் ஆயத்தச் சட்டைகளில் பாதிக்கு மேல் பாலியெஸ்டர் பஞ்சு. குளிர் நாட்டில் அது எப்படியோ, இங்கே பத்து நிமிஷத்தில் உள்ளே ஆவி கிளம்பும்.

இந்தச் சூட்டை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. 2011இல் லீட்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் முழுக் கவசம் போட்டவர்களை ஓடுபொறியில் நடக்க வைத்து அளந்தார்கள். சும்மா நடப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவானது. நெஞ்சைச் சுற்றி இரும்பு இருப்பதால் மூச்சும் ஆழமாக எடுக்க முடியவில்லை. அது இங்கிலாந்தில். பினாங்கில் வேர்வை வழியும், ஆனால் காயாது. காயாத வேர்வை உடம்பைக் குளிர வைக்காது. அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது: மேலே பருத்திக் கான்வாஸ், உள்ளே பழைய பருத்தி வேட்டி. துவைத்துத் துவைத்து மென்மையான வேட்டியைவிட வேர்வை உறிஞ்சும் துணி இல்லை. மேலே இரும்பு வருவதால் 10 அடுக்கு போதும். அக்குள் தைக்காமல் திறந்திருக்கட்டும். ஒன்றுக்கு இரண்டாகத் தைத்துக்கொள்ளுங்கள், ஒன்று நனைந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்த நொடியில் தலைக்கவசத்தைக் கழற்றுங்கள். படம் எடுக்க நிற்காதீர்கள்.

முதன்முதலில் உடம்புக்குக் கவசம் செய்ய நினைக்கிறவர்களுக்கு என் ஒரே பரிந்துரை, துணிக்குள் தகடு வைத்த கவசம். சுவீடனின் விஸ்பி ஊருக்கு வெளியே 1361 ஜூலையில் டென்மார்க் மன்னன் படையோடு நடந்த சண்டையில் இறந்தவர்களைப் பெருங்குழிகளில் கவசத்தோடு புதைத்துவிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டில் தோண்டி எடுத்தபோது இந்த வகைக் கவசங்கள் வரிசையாகக் கிடைத்தன. சிலவற்றில் பெரிய தகடுகள் கொஞ்சம், சிலவற்றில் சின்னத் தகடுகள் நூற்றுக்கணக்கில். இன்று இதைச் செய்கிறவர்களில் பலர் அந்தக் குழியில் கிடைத்ததைப் பார்த்துத்தான் செய்கிறார்கள். இதற்கு உலை வேண்டாம். தகடு கத்தரி, டிரில், சுத்தியல், ரிவெட் இருந்தால் வீட்டுப் பின்கட்டில் செய்யலாம். தகடு ஒன்றின்மேல் ஒன்று ஒரு விரல் ஏறியிருக்க வேண்டும். ஓரத்தை அரத்தால் ராவி, நாக்கால் தொட்டாலும் வெட்டாத அளவுக்கு மழுக்குங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: மலிவாகக் கிடைக்கிறதே என்று துத்தநாகம் பூசிய கல்வனைஸ் தகடு வாங்கி வெல்டிங்கோ சூடோ வைக்காதீர்கள். துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும். நான் பட்டிருக்கிறேன்.

ஸ்டெயின்லெஸ்ஸில் செய்தால் அசல் இல்லை என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. கடலோரத்தில் வாழ்ந்து பார்த்துவிட்டுப் பேசட்டும். மைல்ட் ஸ்டீலைத் துடைத்து வைத்துவிட்டு ராத்திரி கை தவறித் தொட்டால், காலையில் அந்தக் கட்டைவிரல் ரேகை செம்மண் நிறத்தில் அப்படியே பதிந்திருக்கும். தோல் வாரில் மூன்றே நாளில் பூஞ்சை. வேலைக்குப் போகிற பையனால் தினமும் எண்ணெய் போட்டுத் துடைக்க முடியாது. துருப்பிடித்த ரிவெட் ஆட்டத்தின் நடுவில் பிய்ந்து வருவதைவிட ஸ்டெயின்லெஸ் மேல்.

கைகளைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். விரல் விரலாகப் பிரிந்த இரும்புக் கையுறை பார்க்க அழகுதான். என் மனதைப் பறிகொடுத்ததும் அதுவேதான். ஆனால் புதிதாக ஆடுகிறவர்களுக்கு நான் அதைச் செய்து தருவதில்லை. நாலு விரலும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் வகையைத்தான் தருவேன். வாள் விரலில் விழும்போது பக்கத்து விரல்களும் அந்த அடியைப் பங்கு போட்டுக்கொள்ளும். பணம் குறைவாக இருந்தால் தலை, கழுத்து, கை இந்த மூன்றுக்கும் முதலில் செலவழியுங்கள். மார்புத் தகடு அடுத்த வருஷம் வரட்டும்.

'வெள்ளைக்காரன் கவசம் தமிழனுக்கு எதற்கு' என்று நான் எழுதும் இந்த இணையப் பக்கத்திலேயே ஒருவர் கேட்டிருந்தார். மரியாதையாகவே பதில் சொல்கிறேன். எல்லாம் நம்மிடமிருந்து போனது என்று நான் சொல்ல மாட்டேன். இது ஐரோப்பியர் கைவேலை, அந்தப் பெருமை அவர்களுக்கே. ஆனால் கவசத்துக்கு 'மெய்ம்மறை' என்று சொல் வைத்திருந்த மொழி நம்முடையது. மெய்யை மறைப்பது. எஸ்சிஏக்காரர்கள் வாளாகப் பிடிக்கிற பிரம்பு நம் பக்கத்துக் காடுகளில் விளையும் கொடி, நம் பிள்ளைகள் சிலம்பம் சுற்றுகிற அதே பிரம்பு. தகட்டை வளைக்கத் தெரிந்த கை இங்கே இருக்கிறது. கனத்தை உடம்பில் இறக்கி வைக்கத் தெரிந்த காவடிக்காரர்கள் இருக்கிறார்கள். லிட்டில் இந்தியாவில் பத்து அடுக்குத் துணியை ஊசி உடையாமல் தைத்துக் கொடுக்கிற தையற்கார அக்காவை எனக்குத் தெரியும். தைப்பூசம் முடிந்தால் எங்களுக்கு அடுத்த தைப்பூசம் வரை அந்தத் திறமைக்கு வேலை இல்லை. 900 வெள்ளியை முகம் தெரியாத ஆளுக்கு அனுப்புவதற்கு முன், பக்கத்தில் இருக்கும் பட்டறையில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். தெரியாததைச் சேர்ந்து கற்றுக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் கற்றேன்.

அந்தத் தம்பியிடம் அதை இறுக்கித் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். முகம் வாடிவிட்டது. உட்கார வைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்து, அளவு நாடாவை எடுத்தேன். சுற்றளவு 57, நெற்றியிலிருந்து பின்மண்டை வரை 20, காதுக்குக் காது 15 சென்டிமீட்டர். பழைய கவசத்தின் முகமூடியையும் வைத்துக்கொள்ளவில்லை, முழுவதையும் வீட்டுச் சுவரில் மாட்டச் சொல்லியாயிற்று.

நேற்று 2 மில்லித் தகட்டில் முதல் பாதியை வெட்டினேன். தோட்டத்திலிருந்து அப்பா கொண்டு வந்த ரப்பர் மரக் கட்டை ஒன்று பட்டறையில் இருக்கிறது. நடுவில் கிண்ணம் மாதிரி குடைந்து வைத்திருக்கிறேன். தகட்டை அதன்மேல் வைத்து, உருண்டை முகச் சுத்தியலால் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே தட்டிக்கொண்டு வர வேண்டும். ஓரத்தில் சுருக்கம் விழுந்தால் அப்போதே நீவிவிட வேண்டும், மடிந்துவிட்டால் அந்த இடம் வெடித்துவிடும். மூன்றாவது சுற்றில் தகடு தலை வடிவத்துக்கு வர ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது பாதி. தம்பியையும் வரச் சொல்லியிருக்கிறேன், சுத்தியல் பிடித்துப் பார்க்கட்டும். வரும்போது அவன் அப்பாவின் பழைய வேட்டி நாலு எடுத்து வரச் சொன்னேன்.