அக்கா மகள் சமையலறையில் ரோஸ் கலர் உப்பு

போன ஞாயிறு அக்கா மகளைப் பார்க்கப் போயிருந்தேன். மூணாவது மாசம். ஒரே வாந்தி, எதுவும் இறங்கல என்று அக்கா போனில் புலம்பியதால், மாங்காயும் நெல்லிக்காயும் வாங்கிக்கொண்டு தாய்மாமன் மரியாதையோடு போய் இறங்கினேன். மாங்காயைக் கீறி, உப்புக்குக் கையை நீட்டினால் கண்ணாடி ஜாடியில் ரோஸ் கலரில் ஏதோ இருக்கிறது.

"இந்துப்பு மாமா. வீட்டுல இப்ப இது மட்டும்தான். அயோடின் உப்பு கெமிக்கலாம், அவரு வாங்கவே விடமாட்டேங்குறாரு."

பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். 84 தாதுக்கள் என்று போட்டிருந்தது.

எனக்கு இதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அப்பா மளிகைக் கடைக்காரர். ராத்திரி கடையை அடைக்கும்போது எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப் போடுவோம், உப்பு மூட்டை மட்டும் வாசலிலேயே கிடக்கும். உப்பை எவனும் திருட மாட்டான். தூத்துக்குடிப் பக்கமிருந்து லாரியில் வரும் கல்லுப்பு. மழைக்காலத்தில் மூட்டைக்கு அடியில் தண்ணீர் கசிந்து திண்ணையே பிசுபிசுக்கும். ஒருநாள் கிராம செவிலியர் அக்கா ஒருத்தர் கையில் சின்ன பாட்டிலோடு வந்தார். எங்கள் உப்பில் ஒரு சிட்டிகை எடுத்து ரெண்டு சொட்டு விட்டார். ஒன்றும் ஆகவில்லை. பையிலிருந்த பாக்கெட் உப்பில் அதே சொட்டை விட்டார். கத்திரிப்பூ நிறத்துக்கு மாறியது. அந்தச் சொட்டில் மாவுச்சத்து இருக்கிறது, அயோடினைக் கண்டால் நீலம் பாரிக்கும். பள்ளிக்கூடத்தில் சோற்றில் அயோடின் விட்டுப் பார்ப்போமே, அதைத் திருப்பிப் போட்ட சோதனை. அப்பா சிரித்துக்கொண்டே, "உப்புக்கு எதுக்கும்மா கலரு?" என்றார். மூட்டை அதற்குப் பிறகும் வாசலில்தான் கிடந்தது.

அன்றைக்கு நானும் அப்பா கட்சிதான். கடல் உப்பில் இல்லாத அயோடினா என்று நினைத்தேன். இன்றைக்கும் நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் உப்பு சுமார் 35 கிராம், அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம். அந்த அயோடின் முழுவதும் உப்போடு தங்கினால்கூட, நாம் ஒரு நாளில் தின்கிற 10 கிராம் உப்பில் 17 மைக்ரோகிராம்தான் தேறும். அதுவும் தங்குவதில்லை. பாத்தியில் உப்பை வாரியபின் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரோடு பெரும்பகுதி போய்விடும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 150, கர்ப்பிணிக்கு 250. மீனும் முட்டையும் பாலும் கொஞ்சம் ஈடுகட்டும். இவள் மூன்றையும் கண்டாலே ஓடுகிற மாசத்தில் இருக்கிறாள்.

150 மைக்ரோகிராம் என்பது கண்ணுக்கே தெரியாத அளவு. எழுபது வருஷம் தினமும் சேர்த்தாலும் நாலு கிராம் வராது, ஒரு டீஸ்பூன்கூட நிறையாது. ஆனால் அதை மொத்தமாக ஒருநாள் விழுங்கிவிட்டுச் சும்மா இருக்க முடியாது, அன்றன்றைக்கு வேண்டும். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அயோடினை வைத்துத்தான் ஹார்மோன் செய்கிறது. தைராய்டு டெஸ்ட் ரிப்போர்ட்டில் டி3, டி4 என்று பார்க்கிறோம் அல்லவா, அந்த 3-ம் 4-ம் ஒரு மூலக்கூறில் இருக்கும் அயோடின் அணுக்களின் எண்ணிக்கைதான். முதல் மூன்று மாசம் வயிற்றுப் பிள்ளைக்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்யாது. மூளை வளர அம்மாவின் ஹார்மோனைத்தான் நம்பியிருக்கும். அங்கே கடுமையான பற்றாக்குறை வந்தால் பிள்ளையின் புத்தி வளர்ச்சியும் காது கேட்பதும் அடிபடும். பிறகு திருத்துவது கஷ்டம். அயோடின் குறைந்தால் கழுத்து வீங்கி வரும் கழலை வெளியே தெரிகிறது, பிள்ளைக்கு வரும் இந்தப் பாதிப்பு தெரிவதில்லை.

இதெல்லாம் உப்புக் கம்பெனிக்காரன் கட்டிய கதை என்று ஃபார்வர்டு அனுப்புகிறவர்களுக்கு ஒரு மருத்துவ விஞ்ஞானியின் பெயர் சொல்கிறேன்: வுலிமிரி ராமலிங்கஸ்வாமி. 1956-இல் இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில், லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த இடத்தை மூன்று பகுதியாகப் பிரித்து, இரண்டுக்கு அயோடின் கலந்த உப்பும் ஒன்றுக்குச் சாதா உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். சில வருஷத்தில் அந்த இரண்டு பகுதிகளில் கழலை நன்றாகக் குறைந்தது, மூன்றாவதில் அப்படியே இருந்தது. 1962-இல் அரசாங்கத் திட்டமே வந்துவிட்டது. பாக்கெட் உப்பு பெரிய வியாபாரம் ஆனதெல்லாம் அதற்குப் பிறகு.

சின்ன உப்பள முதலாளிகளின் வயிற்றெரிச்சலில் நியாயம் இல்லாமலில்லை. உப்புக்காக வேதாரண்யம் வரை நடந்த ஊர் இது. சட்டம் போட்டு ஒரே மாதிரி உப்புதான் தின்ன வேண்டும் என்றால் கோபம் வரத்தான் செய்யும். அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்ற தடையை 2000-இல் எடுத்தார்கள், 2006-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்தச் சண்டை வேறு. அதற்கு அக்கா மகளின் வயிற்றைப் பலிகொடுக்க முடியாது.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்து நாம். 2018-19 கணக்கெடுப்பில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்திய அளவில் 76 சதவீதம். தமிழ்நாட்டில் 62-க்குப் பக்கம், மாநிலங்களிலேயே கடைசி. இத்தனைக்கும் வாலிநோக்கத்தில் அரசு உப்புக் கழகமே அயோடினோடு இரும்பும் சேர்த்து உப்பு தயாரிக்கிறது.

அந்த 84 தாதுக்களுக்கு வருவோம். பட்டியலை முழுசாக வாசித்தால் ஈயம், ஆர்செனிக் எல்லாம் வரும். பயப்பட வேண்டாம், அளவு அத்தனை சொற்பம். அதே சொற்பம்தான் துத்தநாகத்துக்கும் செலினியத்துக்கும். கெட்டதைச் சொற்பம் என்று விட்டுவிட்டு நல்லதை மட்டும் எண்ணிக் காசு வாங்குவது என்ன நியாயம்? ரோஸ் கலர் இரும்புத் துரு. இரும்புச் சத்து வேண்டுமென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்குச் சும்மாவே மாத்திரை தருகிறார்கள். துத்தநாகமும் அப்படித்தான், வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலோடு 14 நாள் மாத்திரையாகக் கொடுப்பார்கள். யாரும் ஜாடியில் தேடச் சொல்வதில்லை.

கல்லுப்புதான் ருசி என்பவர்களுக்கு அயோடின் கலந்த கல்லுப்பே கிடைக்கிறது, பாக்கெட்டில் சிரிக்கிற சூரியன் படம் இருக்கிறதா என்று பாருங்கள். மூடி போட்ட டப்பாவில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். உப்பை அதிகமாகப் போடச் சொல்லவில்லை, போடுகிற உப்பு இதுவாக இருக்கட்டும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் உங்கள் டாக்டரைக் கேளுங்கள், என்னையல்ல.

அக்கா மகளிடம் இவ்வளவும் சொல்லவில்லை. தெருமுனைக் கடையில் ஒரு கிலோ அயோடின் உப்பு வாங்கி வந்து ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். நேற்று மாப்பிள்ளை போன் பண்ணினார்.

"மாமா, நீங்க சொன்ன மாதிரியே மாத்தியாச்சு. அந்த இந்துப்பு முக்கால் கிலோ மிச்சம் இருக்கே, என்ன பண்ண?"

"தொண்டைக்கு வாய் கொப்பளிங்க மாப்ள" என்றேன்.