காற்றைக் கேட்டுவிட்டு லீவு போடுங்கள்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நேற்றிரவு ஒரு படம் வந்து விழுந்தது. கண்ணாடி மாதிரி பச்சைக் கடல், மாவு போல் வெள்ளை மணல், சாய்ந்த ஒரு தென்னை. கீழே, மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவு ஒன்றுக்கு மூன்று பகல் இரண்டு இரவு, படகு, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு விலை. தேதி டிசம்பர். தங்கை உடனே கேட்டிருந்தாள்: "அண்ணே, இந்த விலைக்கு வேற எப்பக் கிடைக்கும்? போட்டுடலாமா?"

நான் பதில் எழுத ஆரம்பித்தேன். அது நீண்டுகொண்டே போனது. செந்தூலிலும் கிள்ளானிலும் ரவாங்கிலும் இன்னும் எத்தனையோ வீடுகளில் இந்த வாரம் இதே மாதிரி ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியதால் இங்கேயே எழுதுகிறேன்.

அந்தப் படம் பொய்யில்லை. ஆனால் அது ஜூன் மாதத்துக் கடல். டிசம்பரில் அதே இடத்தில் வேறொரு கடல் இருக்கும்.

கோலாலம்பூரில் வளர்ந்த நமக்குக் கடல் என்றால் போர்ட்டிக்சன்தான். சனிக்கிழமை காலை புளிசாதம் கட்டிக்கொண்டு, பாயைச் சுருட்டிக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பினால் மாலை திரும்பிவிடலாம். மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம் சுமத்ரா ஒரு சுவர் மாதிரி நிற்கிறது. அதனால் எந்த மாதம் போனாலும் அங்கே பெரும்பாலும் முழங்கால் உயர அலைதான். அந்தப் பழக்கத்தில், கடல் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம்.

கிழக்குக் கரைக்கு அப்படி ஒரு சுவர் கிடையாது. நவம்பர் வந்தால் சைபீரியாப் பக்கம் குளிர்ந்து கனத்த காற்று தெற்கே இறங்குகிறது. தென்சீனக் கடலின் மேல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தடையில்லாமல் ஓடி, வழியெல்லாம் ஈரத்தைக் குடித்துக்கொண்டு, கிளந்தான், திரெங்கானு, பகாங் கரைகளில் வந்து முட்டுகிறது. மலாய்க்காரர்கள் இதை முசிம் தெங்குஜோ என்பார்கள். வானிலைத் துறையான மெட் மலேசியா கடலுக்கு விடுகிற முதல் நிலை எச்சரிக்கையே மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் காற்று, 3.5 மீட்டர் வரை அலை என்றுதான் தொடங்கும். 3.5 மீட்டர் என்றால் நம் வரவேற்பறையின் கூரையைத் தாண்டிவிடும். பெர்ஹெந்தியான், ரெடாங் போன்ற தீவுகளில் பெரும்பாலான விடுதிகள் நவம்பரில் மூடி, பிப்ரவரிக் கடைசியில் அல்லது மார்ச்சில்தான் திறக்கின்றன. இது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

எனக்குத் தெரியாமல் போனது 2023-இல். அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 12. பண்டிகை முடிந்த கையோடு அப்பாவை ஒரு தீவுக்குக் கூட்டிப் போகலாம் என்று, பெரியப்பா வீட்டோடு சேர்த்து 11 பேருக்குப் பணம் கட்டினோம். ஆளுக்கு 420 வெள்ளி. முகவரிடம் நான் நேராகவே கேட்டேன், மழைக்காலமாச்சே என்று. "இன்னும் சீசன் முடியல சார், கவலையே படாதீங்க" என்றார். இரவெல்லாம் வண்டி ஓட்டிக் காலை ஏழு மணிக்குப் படகுத்துறைக்குப் போய் நின்றால், துறை காலி. படகுகள் ஆற்றுக்குள்ளே இரட்டைக் கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தன. சிவப்புக் கொடி ஒன்று கம்பத்தில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. முகவர் தொலைபேசியை எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வந்த பதில்: எதிர்பாராத இயற்கைச் சீற்றத்துக்கு நிறுவனம் பொறுப்பாகாது, பாரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

பணம் போனதைவிட எனக்கு இன்றுவரை வலிப்பது அந்த 'எதிர்பாராத' என்ற சொல். நம் பாட்டிமார் காலத்திலிருந்து 'ஐப்பசி கார்த்திகை அடைமழை' என்று சொல்லி வருகிறோமே! வருஷம் தவறாமல் வருகிற ஒன்றை எதிர்பாராதது என்று எழுத எப்படி மனம் வரும்? புயல் திடீரென்று அடித்தால் யாரையும் குறை சொல்ல முடியாது. நவம்பர் நடுவில் தீவுக்குப் படகு விற்பது அப்படியில்லை. விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அந்த வித்தியாசத்தில்தான் அந்தக் குறைந்த விலை உட்கார்ந்திருக்கிறது.

இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பள்ளி ஆண்டு 2026-இல் மறுபடி ஜனவரிக்குத் திரும்பிவிட்டதால், பிள்ளைகளின் நீண்ட விடுமுறை பழையபடி டிசம்பரில், மழைக்காலத்தின் நட்டநடுவில் வந்து நிற்கிறது. பெற்றோருக்கு லீவு கிடைப்பதும் அப்போதுதான். விற்பனை சூடுபிடிப்பதும் அப்போதுதான்.

சரி, அன்றைக்கு நாங்கள் என்ன செய்தோம்? திரும்பிப் போகலாம் என்றேன். அப்பா கேட்கவில்லை. "இவ்வளவு தூரம் வந்துட்டோம், கடலைப் பாக்காம போறதா?" என்றார். தெற்கே கரையோரமாகவே இறங்கி வந்தோம். மாராங் தாண்டி, டுங்குன் போகிற வழியில், பழைய சாலையின் ஓரமாக ஒரு கம்பத்து வீடு, அதாவது மலாய்க் கிராமத்து வீடு, வாடகைக்கு என்று பலகை இருந்தது. கால்களின் மேல் நிற்கிற பலகை வீடு, இரண்டு பெரிய அறை. வீட்டுக்கார மக்சிக் (மலாய் அம்மா) எங்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே ஒரு மூட்டைப் பாயைக் கொண்டுவந்து போட்டார். சன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் ஒரு பழைய ரப்பர்ச் செருப்பை நாலாக மடித்து இடுக்கில் செருகினார். அந்தச் சன்னலில் அது வருஷா வருஷம் செருகப்பட்ட தடம் பலகையிலேயே பதிந்திருந்தது.

மாலை மழை விட்டது. சவுக்குத் தோப்பைத் தாண்டி மணலுக்கு வந்தோம். சவுக்கின் ஊசியிலைகளில் காற்று புகுந்தால் ஒரு சத்தம் வருமே, தூரத்தில் பெரிய கூட்டம் ஒன்று முணுமுணுப்பது மாதிரி. அதற்கு அடியில் கடலின் சத்தம், ஒன்றின் மேல் ஒன்றாக. கடல் பச்சையாக இல்லை. பால் விட்ட தேத்தண்ணி நிறம். அடிவானத்திலிருந்தே வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டு வந்தது. நுரை கரையில் தங்காமல் உருண்டைகளாக மணலில் ஓடியது. என் இளையவள் அதைத் துரத்திக்கொண்டு ஓடினாள். மணல் துகள் கணுக்காலில் ஊசி மாதிரி குத்தியது.

அப்பா சாரோங்கின் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். 71 வயது. ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "இது வாடைடா" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயில் நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. அவர் இங்கே பிறந்தவர், தமிழ்நாட்டைப் பார்த்ததே இரண்டு முறைதான். பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். கார்த்திகையில் அங்கே வாடை திரும்பிவிட்டால் கட்டுமரம் இறங்காது என்று சொல்வாராம். கிழக்கே இருந்து வந்தால் கொண்டல், மேற்கே கோடை, தெற்கே தென்றல், வடக்கே வாடை. பாட்டி நாலு திசைக்கும் சொல்லிக் கொடுத்ததை அப்பா அங்கே நின்று விரல் நீட்டி என் பிள்ளைகளுக்குச் சொன்னார். ஐப்பசி, கார்த்திகையில் நாகப்பட்டினத்தை நனைக்கிறதும் வடகிழக்கிலிருந்து வருகிற இதே பருவக்காற்றின் இன்னொரு கைதானே. தீவில் பஞ்சு மெத்தையில் படுத்திருந்தால் அவர் இதைச் சொல்லியிருப்பாரா என்று தெரியவில்லை.

அதனால்தான் டிசம்பரில் கிழக்குக் கரைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள். தீவுக்குப் போகாதீர்கள், அவ்வளவுதான். நிலத்தில் தங்குங்கள், கடலைக் கரையில் நின்று பாருங்கள். குளிக்கவும் மீன் பார்க்கவும் ஆசையிருந்தால் அதை மார்ச், ஏப்ரலில் காற்று அடங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

நிலத்துப் பயணத்துக்கும் யோசனை வேண்டும். கோம்பாக்கிலிருந்து காராக் வழியாகக் குவாந்தான் சுமார் 250 கிலோமீட்டர். கிழக்குக் கரை நெடுஞ்சாலையிலேயே கோலத்திரெங்கானு வரை ஓடிவிடலாம், ஆனால் அந்தச் சாலையில் செம்பனைதான் தெரியும், கடல் தெரியாது. குவாந்தானில் இறங்கி பழைய 3-ஆம் எண் கூட்டரசுச் சாலையைப் பிடியுங்கள். செராத்திங், கெமாமான், கெர்த்தே, டுங்குன், மாராங் என்று கடலோடு ஒட்டியும் விலகியும் போகும். இரவில் கெர்த்தேயைக் கடந்தால் எண்ணெய் ஆலையின் தீக்கொழுந்து காற்றில் சாய்ந்து எரிவதைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். செராத்திங்கில் கதையே தலைகீழ்: அலைச்சறுக்கு விளையாடுகிறவர்களுக்கு இந்த மழைக்காலம்தான் சீசன். பலகையோடு அவர்கள் அலையேறுவதைக் கரையில் உட்கார்ந்து பார்த்தாலே ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

வெள்ளத்தை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2014 டிசம்பரில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது, கிளந்தானுக்குத்தான் பெரிய அடி. 2021 டிசம்பரில் ஷா ஆலம் பட்ட பாட்டை நாமே பார்த்தோம். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே மெட் மலேசியாவின் தொடர் மழை எச்சரிக்கையைப் பாருங்கள்: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. ஆரஞ்சு வந்தால் நான் தள்ளிப்போடுவேன். ஆற்று மட்டத்தை வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வெள்ளத் தகவல் பக்கத்தில் பார்க்கலாம். முன்பணம் திரும்பக் கிடைக்கிற தங்குமிடமாக மட்டும் போடுங்கள், பத்து இருபது வெள்ளி கூடுதலானாலும் பரவாயில்லை.

திரெங்கானுவில் வாரவிடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளி மதியம் தொழுகை நேரத்தில் கடைகள் பலவும் அடைத்திருக்கும். ஞாயிறு போய்ச் செவ்வாய் திரும்பினால் கூட்டமும் குறைவு, வாடகையும் குறைவு. சைவச் சாப்பாட்டுக்குக் குவாந்தானிலேயே பொட்டலமாகத் தாப்பாவ் செய்துகொள்வது நல்லது. கரையோரக் கம்பங்களில் நம் கடை அரிது. மீன் சாப்பிடுகிறவர்கள் சாலையோரத்தில் சுடச்சுட கெரோப்போக் லெக்கோர் என்ற மீன் பலகாரம் வாங்காமல் வராதீர்கள். மழைக்காலத்தில் சிறு படகுகள் கடலுக்குப் போகாததால் மீன் விலை ஏறியிருக்கும், பேரம் பேசாதீர்கள்.

தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குக் காரணத்தோடு சொல்லுங்கள். அலைகள் வரிசையாக உடைகிற கரையில் நடுவே ஓரிடம் மட்டும் உடையாமல் அமைதியாகத் தெரியும். பெற்றோர் அங்கேதான் "இங்க இறங்கு, அலையில்ல" என்பார்கள். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பிக் கடலுக்கு ஓடுகிற வாய்க்கால் அது. நல்ல நீச்சல்காரரையும் இழுத்துப் போய்விடும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்திலிருந்து விலக வேண்டும். எங்கள் மக்சிக் அன்று மாலை மணலில் ஒரு குச்சியால் கோடு போட்டு, "இதுக்கு அப்பால கால் வைக்காதே" என்று என் மகனிடம் மலாயில் சொன்னார். அவர் போன பிறகும் அவன் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

தீவைப் பற்றி இன்னும் ஆசை இருந்தால் நம் பஞ்சாங்கத்தையே பாருங்கள். பங்குனி உத்திரத்துக்கு எத்தனை குடும்பங்கள் பகாங் மாரான் மரத்தாண்டவர் கோவிலுக்குக் காவடி எடுத்துப் போகிறோம்! மார்ச், ஏப்ரலில் வருகிற அந்த நாளுக்குள் வாடை அடங்கிவிடும், தீவுகளும் திறந்துவிடும். மாரானிலிருந்து குவாந்தான் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. நேர்த்திக்கடன் முடிந்த கையோடு எல்லோரும் மேற்கே திரும்பி வீட்டுக்கு ஓடிவருகிறோம். கிழக்கே இன்னும் கொஞ்சம் போனால் படத்தில் பார்த்த அந்தப் பச்சைக் கடல் நிஜமாகவே அங்கே இருக்கும். ஆமைகள் கரையேறுகிற காலமும் ஏறக்குறைய அப்போதுதான் தொடங்கும். ரந்தாவ் அபாங்கில் 1950-களில் ஒரு வருஷத்துக்கு சுமார் 10,000 குழிகளில் முட்டையிட்ட தோல்முதுகு ஆமைகள் இப்போது வருவதே இல்லை என்ற அளவுக்குப் போய்விட்டன. அப்பா இளவட்டமாக நண்பர்களோடு லாரியில் போய் அவற்றை டார்ச் அடித்துப் பார்த்தவர். இன்று அதை வருத்தத்தோடுதான் சொல்கிறார். செராத்திங் பக்கம் பச்சை ஆமைகள் இன்னும் வருகின்றன. போனால் விளக்கடிக்காமல், எட்டி நின்று பாருங்கள்.

சுற்றுலா முகவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை விற்கிற ஒவ்வொரு தீவுச் சீட்டிலும், படகு ஓடாவிட்டால் முழுப் பணமும் திரும்பத் தரப்படும் என்று தமிழிலும் மலாயிலும் பெரிய எழுத்தில் போடுங்கள். போட முடியாதென்றால் அந்த மாதங்களில் விற்காதீர்கள். முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் கூட்டிக்கொண்டுதான் நம் ஆட்கள் வருகிறார்கள்.

தங்கைக்கு இன்று காலை பதில் போட்டுவிட்டேன். டிசம்பரில் அதே கம்பத்து வீடு, மூன்று இரவு, மக்சிக்கிடம் பேசியாயிற்று. தீவு பங்குனி உத்திரத்துக்கு மறுநாள். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: இந்தத் தடவை மடக்கு நாற்காலி எடுத்துக்கொள்ளச் சொன்னார், சவுக்கடியில் ரொம்ப நேரம் நிற்க முடியவில்லையாம்.