வாசலில் வரிசையாக நிற்கவைத்துக் கொடுப்பதா ஜகாத்?

ரமலான் பிறந்ததும் அலுவலக நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதா?" என்பதுதான். வைகறையிலிருந்து சூரியன் மறையும்வரை கூடாது என்று ஒவ்வோர் ஆண்டும் மகிழ்ச்சியோடு சொல்கிறேன். இஸ்லாத்தின் ஐந்து கடமைகளில், வணக்கத்திற்குரியவன் அல்லாஹ் ஒருவனே, முஹம்மத் அவனுடைய தூதர் என்று உறுதி சொல்லும் கலிமா முதலாவது. தொழுகை நேரத்தைப் பாங்கு ஊருக்கே அறிவிக்கிறது. நோன்பைக் கஞ்சியின் மணமே சொல்லிவிடும். ஹஜ்ஜுக்குப் புறப்படுபவரைத் தெருவே கூடி வழியனுப்புகிறது. வசதியுள்ளவர் தம் செல்வத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் கொடுக்கவேண்டிய ஜகாத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. நண்பர்களை நான் குறை சொல்லவில்லை. நாமே அதைப் பேசுவதில்லையே!

பலரும் நினைப்பதுபோல் ஜகாத் தர்மம் அன்று. மனமுவந்து கொடுக்கும் தர்மத்துக்கு ஸதகா என்று தனிப்பெயர் இருக்கிறது. ஜகாத் கடமை, நம் பெரியவர்கள் அதை 'ஏழை வரி' என்றார்கள். கேட்பவருக்கும், கேட்க வாய் வராத இல்லாதவருக்கும் நம் செல்வத்தில் உரிமை உண்டு என்கிறது குர்ஆன். தொழுகையைச் சொல்லும் வசனங்கள் பலவற்றில் ஜகாத்தையும் சேர்த்தே சொல்கிறது. நபிகள் நாயகம் 632-இல் மறைந்தபின், தொழுவோம், ஆனால் ஜகாத் தரமாட்டோம் என்று சில குலத்தார் நின்றபோது, முதல் கலீஃபா அபூபக்கர் அவர்களை எதிர்த்துப் படை திரட்டினார். அத்தனை கனமான கடமையை நாம் சில்லறை நோட்டுக் கட்டாக ஆக்கிவைத்திருக்கிறோம்.

ரமலானின் இருபத்தேழாம் கிழமை, அதாவது இருபத்தேழாம் இரவு, நெருங்கினால் வசதியான வீடுகளின் முன்னால் நீளும் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். கைக்குழந்தையோடு வெயிலில் நிற்கும் பெண்கள், தள்ளுமுள்ளு, ஆளுக்கு ஒரு நோட்டு. கொடுத்தவருக்கு மனநிறைவு. வாங்கியவருக்கு அன்றைய செலவுக்குக்கூட அது போதாது. சொல்லிக் காட்டியும் மனத்தைப் புண்படுத்தியும் உங்கள் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்ற வசனத்தை ஓதிக்கொண்டே இதைச் செய்கிறோமே என்று எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

கணக்கு கடினமானதும் இல்லை. சுமார் 11 பவுன் தங்கமோ, 600 கிராம் அளவுக்கு வெள்ளியோ, அதற்கு ஈடான பணமோ ஒரு சந்திர ஆண்டு முழுவதும் கையிலிருந்தால் நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். 10 லட்சத்துக்கு 25,000. 50 பவுனுக்கு ஒன்றேகால் பவுன். குடியிருக்கும் வீட்டுக்கும் தொழில் கருவிகளுக்கும் கிடையாது. நகை மனைவியுடையது என்றால் ஜகாத்தும் அவர் பொறுப்புதான். சொத்து அவர் பெயரில், கடமையும் அவர் பெயரில்.

அணியும் நகைக்கு ஜகாத் உண்டா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஹனஃபி மத்ஹபில், அதாவது ஹனஃபி சட்ட மரபில், உண்டு. நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில், வழக்கமான அளவில் அணிவதற்கு இல்லை. சட்டத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஆண்டுக்கணக்கில் வங்கி லாக்கரில் உறங்கும் நகையை 'அணியும் நகை' என்று சொல்லும்போது நம் மனமே அதை ஏற்கிறதா?

யாருக்குக் கொடுப்பது என்பதையும் குர்ஆன் நம் விருப்பத்துக்கு விடவில்லை. எட்டு வகையினரைச் சொல்கிறது. ஏழைகளும் வறியவர்களும் மட்டுமல்ல, கடனில் மூழ்கியவர்களும், வழியில் நிர்க்கதியான பயணிகளும் அதில் இருக்கிறார்கள். ஜகாத்தை வசூலித்துப் பங்கிடும் ஊழியர்களும் ஒரு வகையினர். அப்படியானால் இது ஊர் கூடிச் செய்யவேண்டிய காரியம்தானே? பைத்துல்மால் என்னும் பொது நிதி நடக்கும் ஊர்களில் ஒருவருடைய கடனை முழுதாக அடைக்கலாம், தையல் இயந்திரம் வாங்கிக் கொடுக்கலாம். சொந்த அண்ணன் தம்பி, அக்காள் தங்கை கஷ்டத்தில் இருந்தால் அவர்களுக்கும் கொடுக்கலாம். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்தான் கொடுக்க முடியாது, அவர்களைப் பராமரிப்பது ஏற்கெனவே நம் கடமை என்பதால்.

சிறுவயதில் உம்மா இருட்டிய பிறகு ஓர் உறையைக் கொடுத்து, பின்வாசல் வழியாக ஒரு வீட்டுக்கு அனுப்புவார். "ஜகாத் என்று சொல்லாதே, பெருநாள் காசு உம்மா தந்தார்கள் என்று மட்டும் சொல்" என்பார். அந்த வீட்டுக்காரர் எந்த வரிசையிலும் நின்றவர் இல்லை. வாங்குபவரிடம் ஜகாத் என்று சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை என்பதை மார்க்கச் சட்டமாக நான் படித்தது பல வருடங்கள் கழித்துத்தான்.

இந்த வருடம் எங்கள் தெருவில் ஏழு வீடுகள் ஜகாத்தை ஒன்றாகச் சேர்த்தோம். ஒரு குடும்பத்தின் கடன் முழுதாக அடைந்தது. யாருடையது என்பது ஏழு பேருக்கு மட்டும் தெரியும். அடுத்த ரமலானுக்கு முன்பே, ரஜப் மாதத்திலேயே பட்டியல் போட இருக்கிறோம். சேர விரும்பும் தெருக்காரர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.