தனி ஆளாம், தனி ஆள்!

அந்தப் பதிவைப் பற்றி இனி வாயே திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று ராத்திரி அதன் கீழே நடந்த கூத்தை நீங்களும் பார்த்தீர்கள். ரக்கூன் வால் தொங்கும் தொப்பி, கையில் துப்பாக்கி, பின்னால் சூரியன். "தனி ஒருவனாகக் காட்டுக்குள் போனான், ஒரு நாட்டையே உருவாக்கினான். நீ எதற்குத் துணை தேடுகிறாய்?" என்று கீழே வாசகம். படத்தில் இருப்பவர் டேனியல் பூனாம், பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் கென்டக்கிக் காட்டுக்குள் குடியேறிய பேர்போன வேட்டைக்காரர்.

நான் எழுதியது இரண்டே விஷயம். ஒன்று, பூன் அந்தத் தொப்பியைப் போட்டவர் இல்லை, அவர் போட்டது ஃபெல்ட் தொப்பி. இரண்டு, அவர் தனியாகப் போகவில்லை, குடும்பத்தோடு போனார். இதற்குத்தான் "அரைகுறை", "எதிலும் குறை கண்டுபிடிக்கும் கூட்டம்", "பெண்ணியம் பேச வந்துட்டாங்க" எல்லாம். முந்நூறு பேர் சிரிப்புக்குறி போட்டிருக்கிறார்கள். சந்தோஷம். சிரித்து முடித்திருந்தால் கொஞ்சம் கேளுங்கள்.

அவர் தனி ஆள் இல்லை. ஒரு நாளும் இல்லை.

கதை அவருடைய அப்பா ஸ்குவயர் பூனிடமிருந்து தொடங்குகிறது. நெசவாளி. இங்கிலாந்தின் டெவன் பகுதியிலிருந்து 1713 வாக்கில் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறியவர். குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர். 1720-இல் சாரா மோர்கனைக் கட்டினார். பதினொரு பிள்ளைகள். 1734-இல் பிறந்த டேனியல் அதில் ஆறாவது. மூத்த பெண் சபைக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டாள், அதுவும் கர்ப்பமாக இருக்கும்போது. குடும்பம் சபை முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டது. ஐந்து வருஷம் கழித்து மகன் இஸ்ரேலும் வெளியே பெண் எடுத்தான். இந்தத் தடவை ஸ்குவயர் மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்றார். சபையை விட்டு விலக்கிவிட்டார்கள். 1750-இல் நிலத்தை விற்றுவிட்டு வடக்குக் கரோலைனாவின் யாட்கின் ஆற்றுப் பக்கம் கிளம்பினார்கள். அங்கே நிலம் மலிவு, அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் பிள்ளைகளின் கல்யாணப் பிரச்சினையில் சபையோடு முறுக்கிக்கொண்ட குடும்பம் அது. நம் ஊரில் இதை விளக்கவே வேண்டாம். "சாகசத்தின் அழைப்பு" என்று போடுகிறார்களே, அதற்குப் பின்னால் இருந்தது இதுதான்.

1756-இல் ரெபெக்கா பிரையன் அந்த வீட்டுக்கு மருமகளாக வருகிறாள். அண்ணன் இஸ்ரேலும் அவர் மனைவியும் இறந்துபோக, அவர்களுடைய பையன்கள் இரண்டு பேரைப் புது மணப்பெண் வளர்க்க வேண்டியிருந்தது. அப்புறம் அவளுக்கே பத்துப் பிள்ளைகள். 1769 மே மாதம் கணவன் கென்டக்கிக்கு வேட்டைக்குப் போனார், திரும்பியது 1771-இல். அவர் இல்லாதபோதுதான், 1769 டிசம்பரில், டேனியல் மோர்கன் என்ற மகன் பிறந்தான். இரண்டு வருஷம் அந்த வீட்டில் நிலத்தை உழுதது யார், கடன்காரனுக்குப் பதில் சொன்னது யார்?

உடனே ஒருவர் பாய்ந்து வந்தார்: "அந்த வேட்டையில் பூன் மாதக்கணக்கில் தனியாகக் காட்டில் இருந்தாரே, அது உனக்குத் தெரியாதா?" தெரியும் சார். 1770-இல் சுமார் மூன்று மாதம் தனியாகத்தான் இருந்தார். ஏன் இருந்தார்? கூடவே இருந்த தம்பி ஸ்குவயர் (அப்பா பெயர்தான்) வெடிமருந்து வாங்கிவர ஊருக்குப் போயிருந்தார். உங்கள் தனி ஆள் துப்பாக்கியில் போட மருந்தைத் தம்பி குதிரையில் சுமந்து வந்தார். இதையும் படத்தில் போடுங்களேன்.

1773-இல் குடும்பம் குடும்பமாக, ஐம்பது பேருக்குக் கொஞ்சம் குறைவாக, கென்டக்கிக்குக் கிளம்பினார்கள். மாவும் சாமான்களும் வாங்கிவர மூத்த மகன் ஜேம்ஸை அனுப்பியிருந்தார் பூன். வயது பதினாறு. திரும்பி வரும் வழியில் பவல் பள்ளத்தாக்கில் அவனும் இன்னும் சில பையன்களும் தங்கியிருந்தபோது, அக்டோபர் 10 விடியலில் தாக்கப்பட்டார்கள். ஜேம்ஸைச் சித்திரவதை செய்துதான் கொன்றார்கள். புதைப்பதற்கு ரெபெக்கா தன் லினன் விரிப்புகளைக் கொடுத்தனுப்பினாள். கூட்டம் திரும்பிவிட்டது. அந்த விரிப்பை அவள் மூட்டையிலிருந்து எடுத்திருப்பாளே, அந்த இடத்தைத் தாண்டி என்னால் சட்டென்று படிக்க முடியவில்லை.

அந்த இடத்தில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். சார்ல்ஸ், ஆடம். அடிமைகள். சார்ல்ஸைக் கொன்றுவிட்டார்கள். ஆடம் ஓடைக்கரையில் ஒதுங்கிக் கிடந்த மரக்கட்டைகளுக்குள் ஒளிந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். ஜேம்ஸ் எப்படிச் செத்தான் என்று நமக்குத் தெரிவதே அவர் உயிரோடு வந்து சொன்னதால்தான். அந்தப் பதிவில் அவருக்கு ஒரு வரி உண்டா? 1787-இல் பூனிடமே ஏழு அடிமைகள் இருந்தார்கள். ஏழு பேர் வேலை செய்த வீட்டுக்காரரைத்தான் "தனி ஒருவன்" என்கிறீர்கள்.

"அந்தக் காலம் அப்படி" என்பார்கள். அந்தக் காலத்தில் சார்ல்ஸும் ஆடமும்கூட இருந்தார்களே, அது அவர்கள் காலம் இல்லையா? இந்த வாதத்துக்கு இவ்வளவு போதும்.

"தாக்கியது செவ்விந்தியர்கள்தானே, அவர்களுக்கும் சேர்த்து வக்காலத்தா?" என்று கேட்டவருக்கு: ஆமாம், கொஞ்சம் உண்டு. ஒரு சிறுவனைச் சித்திரவதை செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அது ஷாவ்னிகளும் செரோக்கிகளும் காலங்காலமாக வேட்டையாடிய காடு. 1775-இல் ஒரு கம்பெனி செரோக்கித் தலைவர்கள் சிலரிடம் அதை வாங்கியதாக எழுதிக்கொண்டது. ஷாவ்னிகளை யாரும் கேட்கவில்லை. யாருமில்லாத காட்டுக்குள் பூன் போனார் என்பதும் அந்தத் தொப்பி மாதிரிதான்.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். "அமெரிக்காவின் உப்பைத் தின்றுகொண்டு அவர்கள் வீரனையே இழிவுபடுத்துகிறாள்" என்று ஒரு பெரிய மனிதர் எழுதினாரே, அதுதான் தைக்கிறது. நான் இங்கே வரி கட்டுகிறேன், வேலை செய்கிறேன், யார் உப்பையும் ஓசியில் தின்னவில்லை. அப்புறம், உப்பைப் பற்றிப் பேசுவதென்றால் பேசுவோம். 1778 பிப்ரவரியில் பூனும் முப்பது பேர் அளவில் ஆட்களும் கென்டக்கியில் ப்ளூ லிக்ஸ் என்ற உப்பு ஊற்றில் உப்பு காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஒரு புஷல் (பழைய முகத்தல் அளவு) உப்புக்கு நூற்றுக்கணக்கான காலன் தண்ணீர் வற்ற வேண்டும். ஷாவ்னிகள் பூனைப் பிடித்ததும், அவர் பேச்சைக் கேட்டு உப்புக்காரர்களும் சரணடைந்தார்கள். தலைவர் பிளாக்ஃபிஷ் அவரைச் சுவீகாரப் பிள்ளையாக எடுத்துக்கொண்டார். கணவன் செத்துவிட்டான் என்று நினைத்து ரெபெக்கா பிள்ளைகளோடு வடக்குக் கரோலைனாவுக்கே திரும்பிப் போனாள். ஜூனில் அவர் தப்பி, சுமார் 160 மைல் கடந்து வந்து சேர்ந்தபோது, கென்டக்கியில் அவர்கள் குடியேறியிருந்த கோட்டையில் காத்திருந்தது மகள் ஜெமைமா மட்டும். நாலு வருஷம் கழித்து அதே ப்ளூ லிக்ஸில் நடந்த சண்டையில் இரண்டாவது மகன் செத்தான். பெரியப்பா பெயரையே வைத்த பிள்ளை, இஸ்ரேல். அந்த மண்ணின் உப்புக்கு விலை கொடுத்தது யார் என்று இப்போது சொல்லுங்கள்.

போன கோடையில் அம்மா இங்கே வந்திருந்தபோது மிசௌரியில் டிஃபையன்ஸ் என்ற ஊரில் இருக்கும் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். பூனின் கடைசி மகன் நேதனுடைய வீடு. தடித்த சுண்ணாம்புக்கல் சுவர். 1820-இல் பூன் இறந்தது அங்கேதான். அம்மாவுக்குத் துப்பாக்கியிலெல்லாம் அக்கறை இல்லை. சமையலறை அடுப்பு முன்னால் நின்றுவிட்டாள். ஆள் உள்ளே நுழையலாம் போல இருக்கும் அடுப்பு. "இத்தனை பேருக்கு யாரு வடிச்சுக் கொட்டினது?" என்று கேட்டாள். நேற்று வந்த பின்னூட்டங்களில் ஒன்றிலாவது இந்தக் கேள்வி இருந்ததா?

அம்மா கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. அப்பா சவுதியில் பத்தொன்பது வருஷம் இருந்தார். விசா ஏஜென்டுக்குக் கொடுத்தது அம்மாவின் சங்கிலியும் வளையலும், அடகில் போய் மீளாமலே போனவை. சித்தப்பா செத்த பிறகு அவர் பிள்ளைகள் இரண்டும் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தன. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்து "தனி ஆளா நின்னு முன்னுக்கு வந்த மனுஷன்" என்றார்கள். அப்பாவும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பாவை நான் குறை சொல்லவில்லை, வெயிலில் உழைத்தவர். ஆனால் அம்மா பக்கத்திலேயே மாலையோடு உட்கார்ந்திருந்தாள். ஒருத்தர், ஒரே ஒருத்தர் அவள் பக்கம் திரும்பியிருக்கலாம். "பெண்ணியம் பேச வந்துட்டாங்க" என்றவருக்கு இந்தப் பத்தியைச் சமர்ப்பிக்கிறேன்.

பூன் மேல் எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை. தெரிந்து பேசுகிற வரைக்கும் அவரை யாரும் கொண்டாடிக்கொள்ளலாம். கென்டக்கியில் வாங்கிய நிலமெல்லாம் வழக்கிலும் கடனிலும் போய், அறுபத்தைந்து வயதை நெருங்கும்போது மிசௌரிக்குக் கிளம்பியவர். அப்போதும் பிள்ளைகளும் பேரன்களும் கூடவே. தனி ஆள்!

"ஆதாரம் எங்கே?" என்று கேட்ட பதினெட்டுப் பேருக்கும்: 1851-இல் லைமன் டிரேப்பர் என்ற வரலாற்று ஆய்வாளர், நேதன் அப்போது குடியிருந்த வேறொரு வீட்டுக்கே போய் நேதனையும் அவர் மனைவி ஆலிவையும் உட்கார வைத்துக் கேட்டு எழுதிக்கொண்டார். அந்தத் தாள்கள் விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன. ஆலிவுக்குக் கல்யாணமானபோது வயது பதினாறு. கல்யாணமான சில வாரங்களில் சின்னப் படகில் மிசௌரி ஆற்றைக் கடந்ததை, கூடவே குதிரைகள் நீந்தி வந்ததை, கிழவியாக உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு வாருங்கள், பேசலாம். சிரிப்புக்குறி மட்டும் போட வருகிறவர்களை இந்த முறை பிளாக் செய்யப்போகிறேன், அப்புறம் இன்பாக்ஸில் வந்து கேட்காதீர்கள்.