வாசலுக்கு வெளியே போன ஏழு மணி நேரம்

மாரடைப்பு வந்து சித்தப்பாவுக்கு ஸ்டென்ட் (அடைபட்ட ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்து ஒரு வருடம் ஆகிவிட்டது. உயிர் பிழைத்தார், அதுவே பெரிய விஷயம். ஆனால் பம்பிங், அதாவது இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் திறன், 35 சதவீதம்தான். மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி மூச்சு வாங்குகிறார். "அடைப்பைத்தான் எடுத்தாச்சே, அப்புறம் ஏன் இப்படி? டாக்டர் சரியா பண்ணலையோ?" என்று சொந்தக்காரர்கள் இன்னமும் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அன்று அதிகாலை நாலு மணிக்கு நெஞ்சை அழுத்துகிறது என்று எழுந்து உட்கார்ந்தார். பனியன் பிழிந்தால் சொட்டும் அளவுக்கு வியர்வை. வாயுப்பிடிப்பு என்று நினைத்து சித்தி ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தார். விடிந்ததும் பக்கத்தில் ஒரு கிளினிக். ஈசிஜி எடுக்கவில்லை, ஒரு ஊசி, அசிடிட்டி மாத்திரை, "ரெஸ்ட் எடுங்க". ஒன்பதரைக்கு வேறொரு இடத்தில்தான் முதல் ஈசிஜி. கேத் லேப் (அடைபட்ட ரத்தக்குழாயைப் பலூன் வைத்துத் திறக்கும் இடம்) உள்ள மருத்துவமனைக்குள் ஸ்ட்ரெச்சர் நுழைந்தபோது மணி பதினொன்று. அங்கே ஐம்பதே நிமிடத்தில் ரத்தக்குழாயைத் திறந்துவிட்டார்கள். வாசலில் நுழைந்ததிலிருந்து 90 நிமிடத்துக்குள் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்கள் மேல் என்ன குறை சொல்ல முடியும்?

குழாய் முழுதாக அடைபட்டால் அரை மணி நேரத்துக்குள்ளேயே இதயத் தசை சாகத் தொடங்கிவிடும். செத்த தசை தழும்பாகும், திரும்ப வளராது. ஏறக்குறைய எட்டு மணி நேரம் கழித்துத் திறந்த குழாயில் ரத்தம் நன்றாகத்தான் ஓடுகிறது. அந்த ரத்தத்தை வாங்கிக்கொள்ளத்தான் அங்கே தசை அதிகம் மிச்சமில்லை.

பலூன் வைத்துத் திறக்கும் இந்தச் சிகிச்சையின் பலனில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2003இல் 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டவர்களில் குறுகிய காலத்தில் இறந்தவர்கள் 9 சதவீதம், பலூன் வைத்துத் திறந்தவர்களில் 7 சதவீதம். ஆனால் 2013இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. நாலே வருடத்தில் அங்கே மருத்துவமனை வாசல் முதல் பலூன் வைத்துத் திறப்பது வரையிலான நேரம் 83 நிமிடத்திலிருந்து 67ஆகக் குறைந்தது. மருத்துவமனையில் நேர்ந்த இறப்போ 4.8இலிருந்து 4.7 சதவீதம், அவ்வளவுதான். வாசலுக்கு உள்ளே எவ்வளவு ஓடினாலும் வெளியே போன நேரம் போனதுதான். நம் நாட்டில் 2008இல் வெளியான கிரியேட் என்ற இதய நோயாளிகள் பதிவேட்டின்படி, வலி தொடங்கி மருத்துவமனை வந்து சேர ஆன இடைநிலை நேரம் 360 நிமிடம். ஆறு மணி நேரம்! சித்தப்பா விதிவிலக்கே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "ஊசியெல்லாம் வேண்டாம், நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்" என்று குடும்பங்கள் அடம்பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்குள் கேத் லேபில் திறக்க முடியாத ஊர் என்றால், ரத்தக்கசிவு ஆபத்து இல்லாதவர்களுக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் அந்த ஊசியை முதலில் போட்டுவிட்டு அப்புறம் ஆஞ்சியோவுக்கு அனுப்புவதுதான் முறை. தமிழ்நாட்டிலேயே 2012 முதல் 2014 வரை இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். சிறிய மருத்துவமனைகளை கேத் லேப் உள்ள மையங்களோடு இணைத்து, 2,420 நோயாளிகளைக் கவனித்தார்கள். ஒரு வருடத்துக்குள் நேரும் இறப்பு 17.6இலிருந்து 14.2 சதவீதமாக இறங்கியது. புது ஸ்டென்ட் எதையும் கண்டுபிடித்து வந்த பலன் இல்லை இது. எந்த நோயாளி எங்கே, எதில் போக வேண்டும் என்று ஒழுங்குபடுத்தியதில் வந்தது.

2023இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், கொழுப்பைக் குறைக்கும் அட்டர்வாஸ்டேட்டின் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் நெஞ்சுவலி என்று வருகிறவருக்கு ஈசிஜி எடுக்காமல் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பும் கிளினிக்குகளை என்ன செய்வது? ஈசிஜி எடுக்க ஐந்து நிமிடம் ஆகுமா? மெஷின் இல்லையென்றால் "இங்கே வசதியில்லை, 108ஐக் கூப்பிடுங்கள்" என்று சொல்லியிருந்தால்கூடப் போதும், சித்தப்பாவுக்கு மூன்று மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

சித்தி இப்போதும் அந்த ஓமத்தண்ணீரைச் சொல்லிச் சொல்லி அழுகிறார். "உங்க மேல தப்பில்ல சித்தி, ஈசிஜி எடுக்காம அனுப்பினாங்க பாருங்க, அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.