டயர் தேஞ்சாத்தான் ரேஸா?

2024 மார்ச் 17, பிரிஸ்டல். அமெரிக்காவோட டென்னசியில இருக்குற அரை மைல் கான்கிரீட் டிராக். அன்னைக்கு நாஸ்கார் கார் பந்தயத்தோட உச்சப் பிரிவான கப் ரேஸுக்கு குட்இயர் கம்பெனி கொண்டு வந்த டயர், யாருமே எதிர்பார்க்காத வேகத்துல தேஞ்சுபோச்சு. ஐம்பது லேப் (டிராக்கை ஐம்பது சுத்து) ஓடுறதுக்குள்ள ரப்பருக்கு அடியில இருக்குற நூல் வெளிய தெரிஞ்சுது. ஆரம்பத்துலயே அழுத்திப் போனவன் டயரைத் தின்னுட்டுப் பின்னாடி போனான். ஆக்ஸிலரேட்டரை அளந்து மிதிச்சவன் முன்னாடி வந்தான். 500 லேப்ல 54 தடவை முதலிடம் கை மாறுச்சு. சின்ன டிராக் எதுலயும் அதுக்கு முன்னாடி அவ்வளவு மாறினதே இல்ல.

அதே வருஷம் செப்டம்பர்ல திரும்ப அதே பிரிஸ்டல். டயர் தேயல. கைல் லார்சன் 500-ல 462 லேப் தனியா முன்னாடி ஓடி ஜெயிச்சார்.

இந்த ரெண்டு ரேஸுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம்தான் நாஸ்காரோட இன்னைய நிலைமை. நல்ல ரேஸ் நடக்கணும்னா ஏதாவது ஒண்ணு தப்பாப் போகணும். எல்லாம் திட்டப்படி நடந்தா ஊர்வலம்தான். காசு கொடுத்து ஸ்டாண்டுல உக்காந்திருக்குறவனுக்கு இதைவிடப் பெரிய துரோகம் என்ன இருக்கு?

2022-ல 'நெக்ஸ்ட் ஜென்'னு ஒரு காரைக் கொண்டு வந்தாங்க. அதுல என்ன மாறுச்சுன்னு பாருங்க. அதுவரைக்கும் 15 இன்ச் ஸ்டீல் வீல், அஞ்சு நட்டு. இப்போ 18 இன்ச் அலுமினிய வீல், நடுவுல ஒரே நட்டு. வீல் பெருசானதும் உள்ள பெரிய பிரேக் டிஸ்க் வெக்க இடம் கிடைச்சுது. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மார்ட்டின்ஸ்வில் மாதிரி 0.526 மைல் டிராக்ல முந்துறதே பிரேக் போடுற இடத்துலதான். பழைய கார்ல பிரேக் சூடாகும், கடைசி நூறு லேப்ல மிதி தளரும். பிரேக்கைச் சூடாகாம காப்பாத்தி வெச்சவன் உள்பக்கமா நுழைவான். இப்போ பிரேக் கடைசி வரைக்கும் தளரவே மாட்டேங்குது. எல்லாரும் ஒரே இடத்துல மிதிக்கிறாங்க, மிதிக்கிற தூரமும் குறைஞ்சுபோச்சு. நுழைய எங்க இடம்?

அடுத்தது கியர். பழைய நாலு கியர் பெட்டியில அந்த டிராக் முழுக்க ஒரே கியர்லதான் ஓட்டுவாங்க. வளைவுல ஒரு சின்னத் தப்பு பண்ணினா இன்ஜின் வேகம் விழுந்துடும், நேர்பாதை முழுக்க அதுக்கு அபராதம் கட்டணும். பின்னாடி வர்றவனுக்கு அதுதான் வாய்ப்பு. இப்போ அஞ்சு கியர் சீக்வென்ஷியல், லீவரைத் தட்டத் தட்ட கியர் வரிசையா மாறும். தப்பு பண்ணினவன் லீவரை ஒரு தட்டு தட்டி ஒரு கியர் இறக்கினா போதும், போன வேகம் திரும்ப வந்துடுது. தப்புக்கு விலையே இல்லைன்னா ஓட்டுற திறமைக்கு என்ன மதிப்பு? இது போதாதுன்னு காருக்கு அடியில தட்டையான தளம், பின்னாடி அடிக்காத்தை வெளிய இழுத்து காரைத் தரையோட அழுத்துற டிஃப்யூசர். முன்னாடி போற கார் காத்தைக் கலக்கி விடுது, பின்னாடி வர்ற காரோட முன்சக்கரம் பிடிப்பை இழந்து வெளிய தள்ளுது. பத்து அடிக்குள்ள நெருங்குறதே பாடு. இதோட இன்ஜினை 670 குதிரைத்திறனுக்குக் கட்டிப் போட்டாங்க. வளைவை விட்டு வெளிய வரும்போது பின்சக்கரம் வழுக்கிச் சுத்தணும், அதைக் காலால அடக்கணும். அந்த வேலையும் போச்சு.

பலன் உடனே தெரிஞ்சுது. 2022 ஏப்ரல் மார்ட்டின்ஸ்வில்ல 403 லேப்ல சேஸ் எலியட் 185, வில்லியம் பைரன் 212. ரெண்டு பேர் மட்டும் 397 லேப் முன்னாடி.

பெரிய டிராக்ல வேற கொடுமை. டேட்டோனா, டல்லடேகாவுல இப்போ வேகமா ஓட்டுறதே முட்டாள்தனம். ஒரே நட்டு வந்தப்புறம் நாலு டயரையும் பத்து செகண்ட்ல மாத்திடறாங்க, டேங்க்ல பெட்ரோல் ஊத்தத்தான் அதிக நேரம். அப்போ குறைவா ஊத்துனா சீக்கிரம் வெளிய வரலாம். குறைவா ஊத்தணும்னா குறைவா எரிக்கணும். அதனால முப்பது, நாப்பது கார் மூணு வரிசையா ஒட்டிக்கிட்டு, பாதி ஆக்ஸிலரேட்டர்ல உருளுது. முன்வரிசை வழியை அடைச்சுடும். நடுவுல மாட்டினவன் வெளிய வந்தா காத்து தள்ளி இருபது இடம் பின்னாடி போடும். எல்லாரும் கடைசி பத்து லேப்புக்குக் காத்திருந்து, அப்புறம் மொத்தமா மோதி நொறுங்கறாங்க. இடையில 2017-லேருந்து ரேஸைப் பாகம் பாகமா வெட்டுற ஸ்டேஜ் கூத்து வேற. டேட்டோனா 500-ல 65-வது லேப்ல எல்லாரையும் மெதுவாக்கி ஒண்ணு சேர்க்கிற ஒரு மஞ்சக்கொடி, 130-வது லேப்ல இன்னொண்ணு. யாரும் மோதல, டிராக்ல ஒரு துண்டுகூட கிடக்கல. ஒருத்தன் கஷ்டப்பட்டு எடுத்த அஞ்சு செகண்ட் முன்னிலையை அட்டவணை பாத்து அழிச்சுடறாங்க.

பட்டத்தைப் பத்திச் சொன்னா வயிறு எரியுது. 2024-ல சராசரியா 17-வது இடத்துல முடிச்ச ஜோயி லொகானோ சாம்பியன். விதிப்படி ஜெயிச்சார், அவரைக் குத்தம் சொல்லல. 2025 நவம்பர், ஃபீனிக்ஸ், பட்டத்தை முடிவு பண்ற கடைசி ரேஸ். டென்னி ஹாம்லின் 208 லேப் முன்னாடி ஓடினார். இருபது வருஷமா பட்டம் கிடைக்காத மனுஷன். மூணு லேப் பாக்கி இருக்கும்போது பைரனோட டயர் வெடிச்சு மஞ்சக்கொடி. ஹாம்லின் நாலு டயர் மாத்தினார், லார்சன் ரெண்டு மட்டும் மாத்திட்டு முன்னாடி வந்தார். ஒரு லேப்கூட முதலிடத்துல ஓடாத லார்சன் சாம்பியன். 36 ரேஸோட உழைப்பு ரெண்டு டயர்ல போச்சு. இதுக்கப்புறம்தான் 2026-க்கு, கடைசி பத்து ரேஸோட புள்ளியைக் கூட்டிப் பாக்குற முறைக்குத் திரும்பறாங்க. பத்து வருஷத்துக்கு மேல ரசிகன் கத்தினது அப்போதான் காதுல விழுந்துதா?

மெக்கானிக்கோட கதி இன்னும் மோசம். ஃபிரேம், கியர் பெட்டி, சஸ்பென்ஷன், உடம்புன்னு ஒவ்வொரு உறுப்பும் குறிச்ச ஒரே கம்பெனிகிட்டதான் வாங்கணும், வாங்கினதைத் தொடக்கூடாது. 2022-ல ஒரு பாகத்தை மாத்துனதுக்கு டிரைவர் பிராட் கெசலோவ்ஸ்கிக்கு 100 புள்ளி போச்சு, அவரோட தலைமை மெக்கானிக்குக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம். ஒரு காலத்துல இந்த விளையாட்டுல ஜெயிக்கிறதே பட்டறையிலதான். நாஸ்கார்ல ஓடுற காருக்கு 'ஸ்டாக் கார்'னு பேரு, ஷோரூம்ல விக்குற கார்னு அர்த்தம். கமாரோ காரை ஷெவர்லே கம்பெனி 2023 டிசம்பரோட நிறுத்திடுச்சு, அதுக்கப்புறமும் அந்தப் பேர்ல ரேஸ் ஓடுச்சு. கடையில விக்குற டொயோட்டா கேம்ரி முன்சக்கரம் இழுக்குற நாலு சிலிண்டர் ஹைப்ரிட். டிராக்ல ஓடுற கேம்ரி பின்சக்கர வி8.

கார் செலவு குறையும், பாதுகாப்பு கூடும்னு சொல்லித்தான் இதையெல்லாம் வித்தாங்க. ஆனா காரோட பின்பகுதி ரொம்ப இறுக்கமா இருந்ததால அடி மொத்தமும் டிரைவர் தலைக்குப் போச்சு. 2022 ஜூலையில போகோனோ டிராக்ல மோதின கர்ட் புஷ் திரும்ப முழுநேரமா ஓட்டவே இல்ல. அதுக்கப்புறம்தான் பின்பகுதியைத் திருத்தினாங்க.

இப்போ 2026-ல சின்ன டிராக்குக்கு 750 குதிரைத்திறன் தர்றாங்க. சரி, வரட்டும். ஆனா அதோட கை கழுவிடாதீங்க. சின்ன டிராக்ல அந்த டிஃப்யூசரைக் கழட்டுங்க. பிரேக் டிஸ்க்கைச் சின்னதாக்குங்க. கியர் விகிதத்தை மாத்தி, லேப்புக்கு நாலு தடவை லீவர் தட்டுற வேலையை ஒழிச்சுக் கட்டுங்க. அந்த மார்ச் மாசம் பிரிஸ்டலுக்குத் தெரியாம கொண்டு வந்த டயரை, இந்தத் தடவை தெரிஞ்சே கொண்டு வாங்க.